ஆந்தெரேயாவைத் தேடி: சாய்பாசாவிலிருந்து டகுவாகானா வரை

நவம்பர் 4, ராஞ்சி

பட்டு என்றால் நமக்குக் காஞ்சிபுரம்தான். அதற்குப் பின்னால் மல்பெரி இலை, மூங்கில் தட்டு, வெளுத்த புழு. ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதர் கையிலேயே வளர்ந்து, பறக்கவே மறந்துபோன பூச்சி அது. நான் கிளம்பியிருப்பது அதைப் பார்க்க அல்ல. காட்டு மரத்தில் வெயிலும் மழையும் தின்று வளர்ந்து நமக்கு டஸ்ஸர், முகா என்ற பட்டுகளைத் தருகிற ஆந்தெரேயா என்ற பேரினத்தைப் பார்க்க. மல்பெரிப் பூச்சி பாம்பிசிடே குடும்பம், இது சட்டர்னிடே. நம் மேற்கு மலைத்தொடரில் மழைக்காலத்து ராத்திரி தெருவிளக்குக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் அட்லஸ் பூச்சிக்கும் நிலாப் பூச்சிக்கும் இது பங்காளி முறை.

ராஞ்சியில் இறங்கியதும் நேராக நக்ரி போனேன். மத்திய டஸ்ஸர் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம் அங்கேதான், 1964-இல் தொடங்கியது. கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஆந்தெரேயா மைலிட்டா, அதாவது நம் நாட்டு டஸ்ஸர் பூச்சி. பெண் மஞ்சள் கலந்த சாம்பல், உள்ளங்கையை மறைக்கும் அகலம். ஆண் கொஞ்சம் சிறிசு, செங்கல் நிறம். நாலு சிறகிலும் ஆளுக்கொரு கண்புள்ளி. புள்ளியின் நடுவில் செதிலே இல்லாத ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அடியில் ஒட்டியிருந்த சீட்டின் எழுத்தை அந்த வட்டம் வழியாகவே படிக்க முடிந்தது.

ஆணின் உணர்கொம்பு இரண்டும் அகலமான இறகுகள். இருட்டில் பெண் விடுகிற வாசனையை அதைக் கொண்டுதான் பிடிக்கிறது. வாய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கூட்டை விட்டு வந்த பிறகு ஆகாரம் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பு தீரும்வரை, ஒரு வாரம் போலத்தான் ஆயுள்.

பெயர்க் கதை நீளம். பேரினத்துக்கு ஆந்தெரேயா என்று ஹ்யூப்னர் பெயர் வைத்தது 1819-இல். அதற்கு முன்பே 1758-இல் லின்னேயஸ் ஒரு பூச்சிக்குப் பாஃபியா என்று பெயரிட்டிருந்தார். 1773-இல் ட்ரூரி இன்னொன்றுக்கு மைலிட்டா என்றார். இரண்டும் ஒரே சிற்றினம்தானா? ஒன்றுதான் என்கிறவர்கள் மூத்த பெயரான பாஃபியாவை எழுதுகிறார்கள். வேறு என்கிறவர்கள் பாஃபியாவைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒதுக்கிவிட்டு, நடு இந்தியக் காடுகளை மைலிட்டாவுக்கு எழுதி வைக்கிறார்கள். ஆக, நம் மலையில் மருத மரத்தில் தொங்கும் கூட்டுக்கு எந்தப் பெயர் என்பது நீங்கள் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நவம்பர் 6, சாய்பாசா

ராஞ்சியிலிருந்து குந்தி, பந்த்காவ் வழியாக டெபோ மலைப்பாதையில் பஸ். சாலையின் இரண்டு பக்கமும் சால் காடு. நேற்று ஊர் சேர்ந்து தூங்கியதோடு சரி, இன்றுதான் கிராமம்.

ஹோ மக்கள் ஊர். வீடுகளைத் தாண்டி மேட்டில் வரிசையாக மருத மரங்கள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கவாத்து செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே அர்ஜுன் என்பது நம் மருது, ஆசன் என்பது கருமருது. வருஷத்தின் இரண்டாவது வளர்ப்பு முடியும் நேரம் என்பதால் பாதிப் புழு இன்னும் இலை தின்கிறது, பாதி கூடு கட்டிவிட்டது.

புழுவை அருகில் பார்க்கக் கொஞ்சம் பழக வேண்டும். முதலில் இலைதான் தெரியும். தாதா (இங்கே மரியாதையாகக் கூப்பிடும் சொல்; ஐம்பது வயது இருக்கும், மரங்கள் அவருடையவை) கையால் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, "எத்தனை?" என்றார். நான் மூன்று என்றேன். பதினொன்று இருந்தன. நல்ல பச்சை, என் நடுவிரலை விடப் பருமன், உடம்பின் பக்கவாட்டில் இரண்டொரு இடத்தில் பாதரசம் சொட்டினாற்போல் மின்னும் புள்ளிகள். கிட்டே காதை வைத்தால் இலை கடிபடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

கூடு கட்டுகிற வேலையைத்தான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். முதலில் இரண்டு மூன்று இலையை இழுத்து நூலால் தைத்து ஒரு தொட்டில் செய்துகொள்கிறது. அப்புறம் தொட்டிலை விட்டு வெளியே ஏறி, குச்சியைச் சுற்றி நூலால் ஒரு வளையம் போடுகிறது. அந்த வளையத்திலிருந்து கீழே தொட்டில்வரை ஒரு காம்பு. வளையமும் காம்பும் காய்ந்ததும் நகத்தால் கீறினாலும் அசையாது. அதற்குப் பிறகுதான் உள்ளே போய்க் கூட்டைச் சுற்றத் தொடங்கும். இவ்வளவு முன்னேற்பாடு ஏன் என்றால், இந்தக் கூடு ஜனவரி முதல் ஜூன் வரை தொங்க வேண்டும். கோடையில் மருது, கருமருது எல்லாம் இலை உதிர்க்கும். இலையை நம்பிக் கட்டியிருந்தால் கூட்டோடு தரைக்குப் போயிருக்கும். உள்ளே கூட்டுப்புழு ஆறு மாசம் உறங்கிவிட்டு முதல் மழைக்குத்தான் பூச்சியாக வெளியே வருகிறது.

இங்கே வளர்வது 'தாபா' என்ற வட்டார வகை. மைலிட்டாவுக்கு இப்படி நாற்பதுக்கு மேல் வட்டார வகைகள் சொல்கிறார்கள். ஒடிசாவின் சிம்லிபால் காட்டில் சால் மரத்தில் வளர்வது மோதல், அது வருஷத்துக்கு ஒரே தலைமுறை, கூடு பெரிசு. பஸ்தரில் ரைலி. மகாராஷ்டிரத்தில் பண்டாரா. உயரம், மழை, மரம் மாற மாற, வருஷத்துக்கு எத்தனை தலைமுறை என்பதும் கூட்டின் கனமும் நிறமும் மாறுகின்றன. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று கூடும், எல்லாவற்றுக்கும் குரோமோசோம் 31 ஜோடி. அதனால் ஆராய்ச்சிக்காரருக்கு எல்லாம் ஒரே சிற்றினம். தாதாவுக்கு அப்படி இல்லை. மருதுப் புழு ஒரு சாதி, சால் புழு இன்னொரு சாதி. தொழிலுக்கு அவர் பிரிவுதான் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. மோதல் முட்டையை வாங்கி வந்து மருதில் விட்டு வருஷத்துக்கு இரண்டு விளைச்சல் எதிர்பார்த்தால் நடக்காது.

வளர்ப்புக் காலத்தில் குளிக்காமல் தோட்டத்துக்குள் வரக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, இறைச்சி கூடாது. விருந்தாளிக்கும் இதே விதி. காலையில் கைப்பம்பில் குளித்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்கள். நவம்பர் காலையில் சாய்பாசாத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நவம்பர் 8, சராய்காட் எக்ஸ்பிரஸ்

டாட்டாநகர் போய் ஹவுரா, ஹவுராவிலிருந்து கவுஹாத்தி. வெளியே வங்காளம் முழுக்க இருட்டு, அதனால் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஆந்தெரேயாவில் எத்தனை சிற்றினம் என்று பழைய பட்டியலைக் கேட்டால் முப்பத்தைந்து சொச்சம் என்னும். இப்போதைய பட்டியல்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டன. இந்தியா, இமயமலை, சீனா, ஜப்பான், ரஷ்யாவின் கிழக்குக் கோடி, தென்கிழக்கு ஆசியத் தீவுகள் என்று பரவிக் கிடக்கிறது. அந்தமானுக்கென்றே ஒன்று உண்டு, 1877-இல் மூர் விவரித்த ஆந்தமானா. பிறகு ஒரு பெரிய தாவல்: பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கா. கனடாவிலிருந்து மெக்சிகோ வரை பாலிஃபீமஸ், அதற்குத் தெற்கே காட்மனி. ஆப்பிரிக்காவில் ஒன்றுகூட இல்லை.

இந்தப் படத்தைப் பூச்சி மட்டும் வரையவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியம். ஆஸ்திரேலியாவில் யூக்கலிப்டஸ் தின்னும் பெரிய பூச்சி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஆந்தெரேயா யூக்கலிப்டி என்று பெயர். அப்போது ஆந்தெரேயாவின் படத்தில் ஆஸ்திரேலியாவும் இருந்தது. பிறகு அதை ஆப்போடிஃப்தெரா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ஒரு பூச்சியும் இடம் பெயரவில்லை, படத்திலிருந்து ஒரு கண்டம் போய்விட்டது. அமெரிக்கப் பூச்சிகளையும் 'டீலியா' என்று தனியே பிரிக்க வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் ஜெயித்தால் அமெரிக்காவும் போகும்.

இன்னொரு பக்கம், ஆள் சுமந்துபோனதால் படத்தில் சேர்ந்த இடங்கள். ஜப்பானின் யாமாமாய் பூச்சியை 1860-களில் பட்டுக்காக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பட்டு வியாபாரம் எடுபடவில்லை. பூச்சி தப்பித்து ஸ்லோவேனியா, ஆஸ்திரியா, குரோவேஷியா ஓக் காடுகளில் குடும்பம் நடத்துகிறது.

அதே சமயம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் மெட்ஃபர்டில் ட்ரூவலோ என்ற பிரெஞ்சுக்காரர் பாலிஃபீமஸ் புழுக்களை வீட்டுத் தோட்டத்தில் வலை கட்டி லட்சக்கணக்கில் வளர்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்துப்பூச்சியையும் வரவழைத்தார், அது வேறு குடும்பம். 1860-களின் கடைசியில் அது தப்பியது. இன்றுவரை அமெரிக்கக் காடுகளை மொட்டையடிக்கிறது. மனுஷன் பிறகு பூச்சியை விட்டுவிட்டு வானியலுக்குப் போய், கிரகங்களையும் சூரியப் புள்ளிகளையும் அருமையாக வரைந்து பேர் வாங்கினார்.

எதிர் பர்த்தில் இருந்த பையன் இவ்வளவு நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், பட்டாம்பூச்சி பிசினஸா?" என்று கேட்டான்.

நவம்பர் 9, சுவால்குச்சி

கவுஹாத்தியிலிருந்து ஆற்றைக் கடந்து வடகரையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம்.

இங்கே வகைப்பாடு கடைக்காரர்களுடையது: பாட், எரி, முகா, டஸ்ஸர். பாட் என்பது மல்பெரி, நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. எரி என்பது ஆமணக்கு இலை தின்னும் புழுவின் பட்டு. முகா பொன் நிறம், சாயம் போட்டு வந்ததல்ல. அஹோம் அரசர் காலத்தில் அரண்மனை ஆட்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும்தான். இப்போது யாரும் உடுத்தலாம், விலை மட்டும் பழைய சட்டத்தைக் காப்பாற்றி வருகிறது. 2007-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

விலை அப்படி இருப்பதால் கலப்படமும் இருக்கிறது. முகா என்ற பெயரில் போவது பல சமயம் பொன் சாயம் ஏற்றிய டஸ்ஸர். அதாவது ஒரே பேரினத்தின் ஒரு சிற்றினம் இன்னொன்றாக வேஷம் போடுகிறது. பாகல்பூரில் நெய்கிற டஸ்ஸரிலும் கணிசமான நூல் சீனாவிலிருந்து வருவது. அது மைலிட்டாவே அல்ல, லியாவ்னிங் பக்கம் ஓக் மரத்தில் வளர்க்கும் ஆந்தெரேயா பெர்னி. தி.நகரில் 'ஒரிஜினல் டஸ்ஸர்' என்று எடுத்த சேலையில் எந்தக் காடு இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பில்லில் பூச்சியின் பெயரைப் போடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வார்களோ.

ஒரு வீட்டில் கூட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பைதேவ் (அக்கா என்று கூப்பிட இங்கே இப்படித்தான்) பானையில் சாம்பல் கரைத்த காரத் தண்ணீர் வைத்திருந்தார். கூட்டைக் கெட்டியாக்கும் பசையை அது இளக்கும். வாழைத்தோல் சாம்பலில் எடுக்கிற அதே மாதிரிக் காரத்தில்தான் மத்தியானம் அவர் வைத்த பப்பாளிக்காய்க் குழம்பும், பெயரே 'கார்'. கசப்பும் வழவழப்புமாக ஒரு ருசி. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 11, லாதோய்கர்

ஜோர்ஹாட் பக்கம். முகாவுக்கும் எரிக்குமான மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்கே. பேசக் கிடைத்தவர் பொறுமைசாலி, நான் கேட்டதையே இரண்டு தடவை கேட்டும் சொன்னார்.

முகாப் பூச்சிக்கு ஆந்தெரேயா அஸ்ஸாமென்சிஸ் என்று பெயர் வைத்தவர் ஹெல்ஃபர், 1837-இல். பிராகில் பிறந்த மருத்துவர். மூன்று வருஷம் கழித்து அந்தமானில் கொல்லப்பட்டார், வயது முப்பதுகூட நிறையவில்லை. ஆந்தெரேயா ஹெல்ஃபெரி என்று இன்னொரு பூச்சி அவர் பெயரைச் சுமக்கிறது.

முகா இந்தப் பேரினத்தில் ஒட்டாத பிள்ளை. டஸ்ஸருக்கு 31 ஜோடி குரோமோசோம் என்றால் முகாவுக்கு 15 ஜோடிதான். 1886-இல் வுட்-மேசன் இந்தக் கூட்டத்துக்கு ஆந்தெரேயாப்சிஸ் என்று தனிப் பெயரே கொடுத்தார். இன்று பலர் அதை ஆந்தெரேயாவுக்குள் ஒரு துணைப்பேரினமாக வைக்கிறார்கள். அப்படியானால் எண்ணிக்கை வேறானால் பேரினம் வேறா? அதுவும் சரிப்படவில்லை. இமயமலை ஓக்கில் வளரும் ராய்லிக்கு முப்பது ஜோடி வாக்கில், சீனத்துப் பெர்னிக்கு 49. இரண்டையும் நம் விஞ்ஞானிகள் 1970 வாக்கில் கலந்தார்கள். பிறந்த குஞ்சு மலடாகவில்லை, வம்சம் வளர்த்தது. அதற்கு ப்ராய்லி என்று பெயர் வைத்து மணிப்பூர் மலைகளில் ஓக் டஸ்ஸர் எடுக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் படித்த 'சேர்ந்து வம்சம் வளர்த்தால் ஒரே இனம்' என்ற விதியை இந்தப் பூச்சிகள் படிக்கவில்லை போலும்.

பரவலுக்கு வருவோம். அஸ்ஸாமென்சிஸ் காட்டில் அஸ்ஸாமைத் தாண்டியும் இருக்கிறது: மேகாலயா, நாகாலாந்து, அருணாசலம் என்று. ஆனால் வளர்ப்பு என்று வந்தால் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கும் ஒட்டிய மலையடிவாரமும்தான். மைலிட்டா மாதிரி இது உறங்குவதில்லை. வருஷத்துக்கு ஐந்தாறு தலைமுறை, நிறுத்தமே கிடையாது. விற்பனைக்கு ஜேட்டுவா, கட்டியா என்ற இரண்டு பருவம். நடுவில் கடுங்குளிரிலும் ஆவணி வெக்கையிலும் விதைக்காக மட்டும் எப்படியாவது உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். மேல் அஸ்ஸாமில் அப்போது சாவு அதிகம். அதனால் கீழே போக்கோ, காரோ மலைப் பக்கத்திலிருந்து விதைக்கூடு வாங்கி வருவது ரொம்ப நாள் வழக்கம். லாரியிலும் பஸ்ஸிலும் கூடை கூடையாக இந்தப் பூச்சி ஊர் விட்டு ஊர் போகிறது.

நவம்பர் 12, டகுவாகானா

திப்ருகர் வழியாக போகிபீல் பாலம், ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 2018-இல் திறந்தது. வடகரையில் இறங்கி மேற்கே. வழியெல்லாம் அறுவடைக்கு நிற்கும் நெல்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் சோம் தோட்டம். சோம், சோவாலு இரண்டும்தான் முகாவுக்கு முக்கிய மரங்கள், இரண்டும் லவங்கப்பட்டையின் குடும்பம். மரத்தடியில் வைக்கோல் கச்சை கட்டியிருக்கிறார்கள். இலை தீர்ந்தால் புழு தண்டு வழியாக இறங்கும், கச்சையைத் தாண்டாது. அங்கிருந்து பொறுக்கி மூங்கிலால் செய்த சலனியில் ஏற்றி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முற்றிய புழு சாயங்காலம் இறங்குகிறது. அதைப் பொறுக்கிக் காய்ந்த இலைக் கொத்துகளில் விடுகிறார்கள், அங்கே கட்டுகிறது கூட்டை.

கையில் வாங்கிப் பார்த்தேன். சாய்பாசாவில் பார்த்த வளையமும் காம்பும் இதில் இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். சோம் பசுமை மாறாத மரம், கூட்டுப்புழுவும் சில வாரத்தில் பூச்சியாகிவிடும். அப்புறம் எதற்குக் காம்பு என்பது என் யோசனை, லாதோய்கர்க்காரர் கேட்டால் என்ன சொல்வாரோ.

பகலில் காகம், குளவி, ராத்திரியில் வௌவால். உண்டிவில்லோடு ஆள் மாற்றி ஆள் காவல். அதைவிடப் பெரிய பயம், பக்கத்துச் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் அடிக்கும் மருந்து காற்றில் வருவதுதான் என்றார் வீட்டுப் பெரியவர். காற்று திரும்பினால் ஒரே நாளில் மரம் முழுக்கப் புழு காலி.

முன்கூட்டியே வெளிவந்த பெண் பூச்சி ஒன்றைத் திண்ணையில் காட்டினார். உலர்ந்த புல்லைக் கற்றையாகக் கட்டிய 'கரிகா'வில் சிறகோடு நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புல் முழுக்கப் பழுப்பு முட்டை. இந்தப் புல்லை அப்படியே சோம் மரத்தில் செருகிவிட்டால் குஞ்சுகள் தாமே ஏறிக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு மெஜாங்கரிக்குப் போனது. இதே முகாப் புழு மெஜாங்கரி மர இலையைத் தின்றால் நூல் பொன் நிறமாக வராது, பாலேடு நிறத்தில் வரும். விலை முகாவையும் தூக்கிச் சாப்பிடும். 1837-இல் அஸ்ஸாம் பட்டுகளைப் பற்றி எழுதிய ஹ்யூகனே இதைச் சொல்லியிருக்கிறார். இப்போது மரமே அரிது. பெரியவர் கட்சி, அது வேறு புழு. நான் 15 ஜோடி என்று தொடங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எண்ணினவர் வளர்த்துப் பார்த்தாரா?" என்றார்.

இரண்டு மெஜாங்கரி மரம் இன்னும் நிற்கிற தோட்டத்துக்கு நாளை காலை கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கவுஹாத்தி டிக்கெட்டை இன்று ராத்திரியே மாற்ற வேண்டும், இங்கே சிக்னல் முற்றத்தின் மூலையில் மட்டும்தான் கிடைக்கிறது.